வண்ணக்குச்சிக்கு ஒரு பெட்டி: குப்பையும் சேரக் கூடாது, கூலியும் குறையக் கூடாது

(தொழில் பயிற்சிப் பாடம்)



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் நம் வீடுகளில் என்ன செலவு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு, பேனா, அதோடு கிரேயான், கலர் பென்சில், வாட்டர் கலர். ஒரு பெட்டி கிரேயான் வாங்கிப் பாருங்கள். மேலே பளபளப்பான பிளாஸ்டிக் தாள், உள்ளே குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல். பிள்ளை பிரித்த அஞ்சாவது நிமிஷம் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். தெருவிலிருந்து ஓடைக்கு, ஒரு மழை பெய்தால் ஓடையிலிருந்து அனுமன் நதிக்கு. வண்ணம் தீட்டுவது ஒரு மாதம். அந்தத் தட்டு மண்ணில் கிடப்பது பல காலம்.

கிரேயான் செய்வது கம்பெனி வேலை. ஆனால் அதைப் போட்டு வைக்கும் பெட்டி நம் கைக்கு எட்டிய வேலைதான். நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஓலை முடையத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், அட்டைப் பெட்டி ஒட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வண்ணப் பொருட்களை மொத்தமாக வாங்கி, நாமே பெட்டி செய்து, நிரப்பி விற்கலாம். அல்லது வெறும் பெட்டியாகவே கடைக்காரர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பெட்டி குப்பையாகக் கூடாது. இரண்டு, பெட்டி செய்த பெண்ணின் கூலி குறையக் கூடாது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

1. பொருளைக் கேட்டுவிட்டுப் பெட்டி செய்யுங்கள்

நம் ஊரில் பேக்கிங் என்பது புது விஷயம் இல்லை. பதநீருக்கு ஓலைப் பட்டை, பூவுக்கு வாழையிலை, கறிக்குத் தேக்கிலை, கருப்பட்டிக்கு ஓலைப் பெட்டி. ஏன் எல்லாவற்றையும் ஒரே இலையில் கட்டவில்லை? பதநீர்ப் பட்டை குடித்து முடிக்கும் வரை ஒழுகாமல் இருந்தால் போதும். கருப்பட்டிப் பெட்டியோ வண்டியில் ஏறி, சந்தையில் அடுக்கி, வீட்டுப் பரணில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். பொருளுக்கு என்ன தேவை என்று பார்த்த பிறகுதான் நம் பாட்டிமார் இலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வழிதான் இங்கேயும்.

கிரேயான்: மெழுகு. வெயிலில் இளகும், அழுத்தினால் ஒடியும். ஆடாமல் நெருக்கமாக நிற்கும் அட்டைப் பெட்டி போதும்.

ஆயில் பேஸ்டல்: இதில் எண்ணெய் உண்டு. வெறும் அட்டையில் வைத்தால் கறை படியும். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு காகிதச் சுற்று வேண்டும்.

கலர் பென்சில்: ஈரமும் வெயிலும் பெரிய பிரச்சினை இல்லை. கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் குச்சி உடையும். துணிச் சுருள், ஓலைக் குழல், அட்டைப் பெட்டி எதுவும் பொருந்தும்.

தூரிகை: முனை மடங்கக் கூடாது. நனைந்த தூரிகை காயக் காற்று வேண்டும். சீனாவிலும் ஜப்பானிலும் ஓவியர்கள் தூரிகைகளைச் சிறிய மூங்கில் பாயில் சுருட்டி வைப்பார்கள். பத்தமடைப் பக்கம் கோரைப் பாய் நெய்யும் நமக்கு இது புதிதா என்ன? ஒரு சாண் பாய்த் துண்டும் ஒரு நாடாவும் இருந்தால் தூரிகைச் சுருள் தயார்.

போஸ்டர் கலர் பாட்டில்: முட்டி உடையாமல் இருக்க மெத்தை வேண்டும். தெர்மாகோல் வேண்டாம். நறுக்கிய பழைய காகிதமோ தேங்காய் நாரோ போதும்.

கோலப்பொடி, வண்ணப்பொடி: ஓலை முடைச்சலின் இடுக்கில் சிந்தும். உள்ளே ஒரு காகிதப் பை இருக்க வேண்டும்.

ஈரக் களிமண்: இதற்குக் காகிதமும் ஓலையும் உதவாது. காய்ந்து கல்லாகிவிடும். இறுக்கமான மூடி உள்ள டப்பாவே வேண்டும். காலி டப்பாவைத் திரும்ப வாங்கி நிரப்பித் தருவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஓலைதான் என்று பிடிவாதம் பிடித்தால் பொருள் கெடும், பேரும் கெடும்.

2. வண்ணம் எதில் இருந்தது?

குற்றாலத்துச் சித்திர சபையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம். மூலிகை வண்ணம் என்று சொல்வார்கள். அன்றன்றைக்கு அரைத்து, குழைத்து, அன்றைக்கே தீட்டுகிற வேலைக்குப் பெரிய பேக்கிங் எதற்கு? ஒரு சிரட்டை போதும்.

ஐரோப்பாவில் எண்ணெய் வண்ணத்தை வைத்திருக்க ஓவியர்கள் பன்றியின் சிறுநீர்ப் பையைப் பயன்படுத்தினார்கள். ஓட்டை போட்டு எடுத்தால் பிறகு ஒழுகும், சீக்கிரம் காய்ந்தும் போகும். 1841-ல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் தகரத்தில் பிதுக்கும் குழாயைக் கண்டுபிடித்து உரிமம் பெற்றார். இன்று நாம் பல் துலக்கும் பேஸ்ட் வரும் டியூப் அந்த வழியில் வந்ததுதான். அதன் பிறகு ஓவியர்கள் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கே போய் வரைந்தார்கள். ஒரு நல்ல பேக்கிங் தொழிலையே மாற்றிவிடும் என்பதற்கு இது சாட்சி.

அமெரிக்காவில் 1903-ல் கிரயோலா கம்பெனி எட்டு கிரேயான்களைப் பெட்டியில் போட்டு ஐந்து காசுக்கு (அவர்கள் நாட்டு சென்ட்) விற்றது. பிளாஸ்டிக் தட்டும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஆகவே இவை இல்லாமல் கிரேயான் விற்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

3. எது அசல், எது வேஷம்?

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடித்து இலைப் படம் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாமே சோதித்துப் பார்க்கலாம்.

கிழிக்கும் சோதனை: பளபளப்பான அட்டையை மெதுவாகக் கிழியுங்கள். காகிதம் கிழிந்த பிறகும் மெல்லிய தோல் ஒன்று இழுபட்டால் அது பிளாஸ்டிக் லேமினேஷன். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார், மண்ணிலும் முழுசாக மக்காது.

நூல் சோதனை: துணிப் பை மாதிரியே இருக்கும் 'நான் ஓவன்' பையிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து, வெளியில் வைத்துக் கவனமாகத் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியாக உருண்டால் அது பிளாஸ்டிக். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தண்ணீர்ச் சோதனை: பெட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவையுங்கள். எல்லாம் கூழாகிவிட்டால் நல்லது. செலோ டேப், ஜன்னல் தாள், ஜிகினா என்று தனியாக மிதப்பதெல்லாம் நாம் சேர்த்த குப்பை.

சட்டமும் இதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் 14 வகையான, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பை அந்தப் பட்டியலில் உண்டு, நான் ஓவன் பையும் உண்டு. 1.7.2022 முதல் மத்திய அரசும் நாடு முழுக்கப் பல பொருட்களைத் தடை செய்தது; அலங்காரத் தெர்மாகோல் அதில் ஒன்று. 2021 டிசம்பர் 23-ல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பெட்டி ஓலையில் செய்துவிட்டு அதை நான் ஓவன் பையில் போட்டுக் கொடுத்தால் அர்த்தம் இல்லை அல்லவா?

ஒரு பெட்டிக்கு ஒரே வகைப் பொருள் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டை என்றால் அட்டை மட்டும். ஓலை என்றால் ஓலையும் பருத்தி நூலும் மட்டும்.

4. அளவெடுப்பதில்தான் லாபம்

அதிகச் செலவில்லாமல் குப்பையைக் குறைக்கும் வழி, அட்டையை வீணாக்காமல் வெட்டுவது. ஒரு கணக்குப் பார்ப்போம்.

12 கிரேயான். ஒவ்வொன்றும் 9 மி.மீ. கனம், 9 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். (நீங்கள் வாங்கும் கிரேயானை ஸ்கேலில் அளந்து பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) அட்டைத் தாள் பள்ளிக்கூட சார்ட் அளவு, அதாவது 22 அங்குலத்துக்கு 28 அங்குலம். மில்லிமீட்டரில் 559-க்கு 711.

முதல் வழி: 12 கிரேயானையும் ஒரே வரிசையாகப் பரப்பி வைக்கும் தட்டைப் பெட்டி. அகலம் 112 மி.மீ., ஆழம் 11 மி.மீ., உயரம் 95 மி.மீ. நான்கு பக்கமும் ஒட்டும் மடிப்பும் சேர்த்து விரித்த அகலம் 258. மேலும் கீழும் மூடியும் செருகு மடிப்பும் சேர்த்து விரித்த உயரம் 141. ஒரு தாளில் 10 பெட்டி வரும்.

இரண்டாவது வழி: ஆறு ஆறாக இரண்டு வரிசை. அகலம் 60, ஆழம் 20, உயரம் 95. விரித்தால் 172-க்கு 159. ஒரு தாளில் 12 பெட்டி வரும்.

அதே கிரேயான், அதே தாள். 600 பெட்டி செய்ய முதல் வழியில் 60 தாள் வேண்டும், இரண்டாவது வழியில் 50 தாள் போதும். பத்துத் தாள் மிச்சம். வெட்டுவதற்கு முன்னால் பழைய செய்தித்தாளில் மாதிரி வெட்டி, தாள் மேல் அடுக்கிப் பாருங்கள். கத்தரிக்கோலை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

அட்டை வாங்கும்போது 'ஜி.எஸ்.எம்.' என்று கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டிக்கு 300 ஜி.எஸ்.எம். பழுப்பு கிராஃப்ட் அட்டை நிற்கும். அச்சு வேலைக்குப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. ஒரே நிறத்தில் அச்சடித்து, லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பசைக்கு மைதா காய்ச்சலாம். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டே, அது பிள்ளைகள் பெட்டிக்குக் கூடவே கூடாது. அது விஷம். அன்றன்றைக்குத் தேவையான பசையை மட்டும் காய்ச்சுங்கள். பசையே இல்லாமல் செருகி மூடும் மடிப்பு என்றால் இன்னும் நல்லது.

5. கூலியை எழுதாத கணக்கு கணக்கே இல்லை

"ஓலை சும்மா கிடைக்கு, வீட்டுல இருந்து செய்றோம், இதுல கூலி என்ன யக்கா?" இந்தக் கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு நாள் கூலி 400 ரூபாய், 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய். மற்ற விலைகளும் எடுத்துக்காட்டுதான்; உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டைப் பெட்டி: அட்டை (30 ரூபாய்த் தாளில் 12 பெட்டி) ரூ. 2.50, லேபிள் ரூ. 1, பசை, சேதாரம் 50 காசு, போக்குவரத்து ரூ. 1, கூலி (6 நிமிடம்) ரூ. 5. மொத்தம் ரூ. 10.

ஓலைப் பெட்டி: ஓலை, சாயம் ரூ. 9, லேபிள், நூல் ரூ. 2, போக்குவரத்து ரூ. 2, கூலி (40 நிமிடம்) ரூ. 33. மொத்தம் ரூ. 46.

இப்போது ஒரு வியாபாரி வருகிறார். "பெட்டி ரொம்ப அழகா இருக்கும்மா, இயற்கைப் பொருள், 25 ரூபாய்க்கு ஆயிரம் பெட்டி எடுத்துக்கிறேன்" என்கிறார். ஆயிரம் என்றதும் நமக்கு சந்தோஷம். ஆனால் 25-ல் செலவு 13 போனால் கையில் 12 ரூபாய். நாற்பது நிமிடத்துக்கு 12 ரூபாய் என்றால் மணிக்கு 18, நாள் முழுக்க முதுகு நோக உட்கார்ந்தால் 144 ரூபாய். பெட்டியை வாங்குகிறவர் இயற்கையைக் காப்பாற்றியதாகப் பெருமைப்படுவார். அந்தச் செலவை நம் முதுகு கொடுத்திருக்கும்.

அப்படியென்றால் ஓலைப் பெட்டியே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கு உரிய இடத்தில் வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானைப் பாருங்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு முடைந்த ஓலைக் கொட்டான் மறைந்துகொண்டு வந்தபோது, எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை பழைய முறையைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்து மறுபடி கொண்டு வந்தது. கல்யாணத் தாம்பூலத்துக்கும் பரிசுக்கும் அதை வாங்குகிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பெண்களின் ஓலைப் பொருட்களுக்கும் வெளியூரில் பெயர் உண்டு. அங்கெல்லாம் ஓலைப் பெட்டியே பொருள். யாரும் தூக்கி எறிவதில்லை. வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கும்.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளின் 12 கிரேயானுக்கு அட்டைப் பெட்டி. குற்றாலம் சீசனுக்கும் சாரல் விழாவுக்கும் வரும் வெளியூர்க்காரர்களுக்கு, நல்ல கலர் பென்சிலும் ஒரு சின்ன வரைபட நோட்டும் வைத்த ஓலைப் பெட்டி. தையல் கடைகளில் மிஞ்சும் பருத்தி கட்பீஸில் தைத்த பென்சில் சுருள் இரண்டுக்கும் நடுவில். மூன்றையும் ஒரே விலைக்கு விற்க நினைத்தால் கட்டுப்படியாகாது.

6. ஓலை எடுக்கும்போதும் காயவைக்கும்போதும்

பனை நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நமக்கு வேண்டியது மரம் இல்லை, குருத்தோலைதான். அதையும் ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால் மரம் தளர்ந்துவிடும். மரத்துக்காரரிடம் கேட்டு, விலை கொடுத்து, மரம் மாற்றி எடுக்க வேண்டும்.

நம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் பச்சை ஓலையில் முடைந்தால் பூஞ்சை பிடிக்கும், அட்டையும் நெளியும். பங்குனி, சித்திரை வெயிலில் ஓலையைக் காயவைத்துக் கட்டி வைத்துக்கொண்டால் சாரல் காலத்திலும் வேலை நிற்காது. தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

சாயம் போட்ட ஓலையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் பிள்ளையின் கையிலும் ஒட்டும், வாய்க்கும் போகும். அந்தப் பெட்டியை விற்க வேண்டாம். சாயத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. ஸ்டேப்ளர் பின், ஊசி, பிடுங்கினால் கழன்று வரும் பாசிமணி, இவை மூன்றும் பிள்ளைகள் பெட்டியில் இருக்கவே கூடாது.

7. பெட்டி மேல் எழுத வேண்டியவை

பொருளை நிரப்பி நாமே விற்றால் எடையளவுச் சட்டப்படி லேபிளில் இவை இருக்க வேண்டும்:

– தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முழு முகவரி
– பொருளின் பெயர்
– எத்தனை எண்ணிக்கை
– தயாரித்த மாதம், வருடம்
– எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விற்பனை விலை
– குறை இருந்தால் சொல்வதற்குப் பெயர், முகவரி, தொலைபேசி எண்

பேக் செய்பவராகப் பதிவும் செய்ய வேண்டும். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆரம்பிக்கும் முன்பே அங்கே போய் விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இன்னும் ஒரு வரி நம் விருப்பமாகச் சேர்க்கலாம்: 'இந்தப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், பென்சில் தீர்ந்ததும் இதில் விதை போட்டு வைக்கலாம்.' சொன்னால்தானே பிள்ளைகளுக்குத் தெரியும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் தெருவில் இந்த வாரம் வீசப்பட்ட மூன்று பேக்கிங்கை எடுத்து வாருங்கள். மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். எது அசல், எது வேஷம்?

2. உங்கள் குழுவில் ஓலை முடையத் தெரிந்தவர் யார்? தையல் தெரிந்தவர் யார்? பெயர் எழுதுங்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள யார் தயார்?

3. ஒரு பெட்டி செய்ய எத்தனை நிமிடம்? கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஓலை வாருவது, நனைப்பது, சாயம் காய்ச்சுவது, காயவைப்பது எல்லாம் அந்த நேரத்தில் சேர்த்தி.

4. அந்த நேரத்துக்கு உங்கள் ஊர்க் கூலியைப் போட்டால் பெட்டியின் விலை என்ன? இந்த விலைக்குக் கீழே தருவதில்லை என்று தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். பண்பொழியில் ஒரு குழு 46 ரூபாய் என்று சொல்லி, வடகரையில் ஒரு குழு 25-க்குச் சம்மதித்தால் வியாபாரி எங்கே போவார் என்று நமக்குத் தெரியும். கூட்டமைப்பு எதற்கு இருக்கிறது? எல்லாக் குழுவும் ஒரே விலை சொல்வதற்குத்தான். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரிப் பெட்டியும், அதற்குள் மடித்து வைத்த ஒரு கணக்குத் தாளும் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.